காட்டு மஞ்சளுக்கு வைத்த காவல்

பேராசிரியர் முருகதாஸின் வீட்டுப் பின்புறத்தை யாராவது 'தோட்டம்' என்று சொல்லிவிட்டால் அவர் திருத்துவார். "வனம்," என்பார். "நிழல்வனம்." சொன்னதோடு விடமாட்டார். கேட்டவர் அதைத் திருப்பி ஒருமுறை சொல்லும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கல்லூரியில் காலமெல்லாம் ஒளியியல் நடத்திய பழக்கம் அது.

பூதப்பாண்டிக்கு வடக்கே, மலை சரிந்து வந்து வயல் ஓரத்தில் கால் நீட்டுகிற இடத்தில் அந்த வீடு. பின்னால் அவருடைய அப்பா விட்டுப்போன விளை. நாலைந்து பலா, இரண்டு ஆயினி, ஒரு கிழட்டுப் புன்னை, காய்க்கிற எண்ணத்தையே கைவிட்ட ஒரு மாமரம். அப்பா அவற்றை வனமாக நினைத்து வளர்க்கவில்லை. வெட்ட ஆள் கிடைக்காததால் விட்டுவைத்திருந்தார். பணி ஓய்வு பெற்ற மறுவாரம் அந்த மரங்களின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தபோதுதான், தான் இத்தனை வருடம் ஒரு வனத்தின் சொந்தக்காரனாக இருந்திருக்கிறோம் என்பது முருகதாஸுக்குத் தெரிய வந்தது.

அன்றே சட்டங்கள் வந்தன. முதல் சட்டம், சருகு கூட்டக்கூடாது. "சருகு வனத்துக்கப் போர்வையாக்கும்," என்றார். கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து விடியுமுன்னே வாரியலும் கையுமாக அந்த விளையைத் தூத்து வாரிக்கொண்டிருந்த அவர் மனைவி அன்னக்கிளி, கையிலிருந்த வாரியலையும் கணவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு வாரியலைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு வேலை மிச்சம்தான். ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பெண்பிள்ளையின் யோக்கியதையை அவள் முற்றத்தை வைத்துத்தான் அளப்பார்கள். நாலாம் நாளே அடுத்த தெரு சுபிதா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"மைனி, முதுகு பிடிச்சிக்கிட்டா? தைலம் இருக்கு, கொண்டாரட்டா?"

"எனக்க முதுகுக்கு ஒண்ணுமில்லட்டி," என்றாள் அன்னக்கிளி. "அவரு ஆராய்ச்சி பண்ணுகாரு. முடியட்டு."

ஆராய்ச்சி முடியவில்லை, வளர்ந்தது. மரத்துக்கு மரம் தகரப்பலகை வந்தது. பலகையில் லத்தீன் பெயர் வந்தது. கடைசியில் அந்த வனத்தின் பட்டத்துராணியும் வந்து சேர்ந்தாள்: காட்டு மஞ்சள்.

அதன் கிழங்கை அவர் எங்கிருந்து கொண்டுவந்தார் என்பது பேசப்படாத விஷயம். மலையில் தோண்டியது என்று சொன்னால் வனத்துறை வரும். சந்தையில் வாங்கியது என்று சொன்னால் மரியாதை போகும். ஆகவே, "கிடைச்சுது" என்று மட்டும் சொல்லி, மேற்கே மலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்.

செடி என்னவோ நல்ல செடிதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோடை மழை ஒன்று விழுந்ததும், இலை எதுவும் இல்லாத வெறும் மண்ணிலிருந்து முதலில் பூ எழும்பும்; வெளிறிய பச்சையில் அடுக்கடுக்காக, உச்சியில் மட்டும் ரோஜா நிறத்தைத் தொட்டு வைத்ததுபோல. பூவுக்குப் பின்னால் இலை. பலா நிழலில், சருகு மக்கிய ஈரத்தில், இடுப்புயரத்துக்கு அகல அகலமாக விரியும். இலையின் அடிப்பக்கத்தைத் தடவினால் பூனைக்குட்டியின் காதுபோல இருக்கும். கார்த்திகை கழிந்ததும் எல்லாம் பழுத்துச் சாய்ந்து மண்ணுக்குள் உறங்கப் போய்விடும். அடுத்த கோடை மழைக்கு மறுபடி பூவோடு எழும். ஒருமுறை வைத்துவிட்டால் நம்மை எதுவும் கேட்காது.

"இது மஞ்சளு இல்லாம வேற என்ன?" என்று அன்னக்கிளி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"மஞ்சளா? இது குர்குமா அரோமாட்டிக்கா. ஒரு தாவரப் பாரம்பரியமாக்கும்."

"அப்பம் மஞ்சளு இல்ல?"

"மஞ்சள்தான். ஆனா மஞ்சள் இல்ல."

அன்னக்கிளி தலையாட்டிவிட்டு மீன் கழுவப் போனாள்.

இந்த ஆர்வம் அவரோடு நின்றிருந்தால் கதை இல்லை. இவரும், இவரைப் போலவே பொழுது மிச்சமிருந்த ஆறு பேரும் சேர்ந்து 'குமரி நிழல்வனப் பேரவை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தலைவர், முருகதாஸ். செயலாளர், சுபிதாவின் கணவர் சுயம்புராஜ். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். பெயருக்குப் பின்னால் அந்தச் சொல் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டுக் கிணற்றடி நிழலில் பெரணி வளர்க்கிறார். முருகதாஸும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பொருளாளர், கோட்டாறில் துணிக்கடை வைத்திருக்கும் முஹம்மது ஷரீஃப். பேரவைக்குப் பொருள் எதுவும் இல்லாததால் நிம்மதியான பதவி. அவருடைய வனம் தேங்காப்பட்டணத்தில் இருக்கிறது என்பார். யாரும் பார்த்ததில்லை. மீதி நாலு பேருக்குப் பதவி இல்லை. கைதட்ட யாராவது வேண்டும் அல்லவா?

அந்த ஆடி மாதம் பேரவை ஒரு பெரிய முடிவை எடுத்தது. உறுப்பினர்களின் வனங்களில் சிறந்த ஒன்றுக்கு 'மாதிரி நிழல்வனம்' என்று பச்சைப் பலகை மாட்டுவது. பலகையை முதலிலேயே எழுதி ஷரீஃபின் கடையில் துணிமூட்டைகளுக்குப் பின்னால் சாத்தி வைத்தாயிற்று. எந்த வனம் என்பதுதான் பாக்கி. போட்டி இருவருக்குள்: தலைவரின் காட்டு மஞ்சளா, செயலாளரின் பெரணியா? ஆடி மூன்றாம் ஞாயிறு எல்லோரும் வந்து பார்த்து முடிவு சொல்வார்கள். அந்தப் பலகையை எந்த மரத்தில், எந்த உயரத்தில் மாட்டினால் தெருவிலிருந்து தெரியும் என்பதுவரை முருகதாஸ் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

இதற்கிடையில் ஆடிச் செவ்வாய் வந்தது.

ஆடிச் செவ்வாய் என்றால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு நோன்பு. ராத்திரி ஆண்களெல்லாம் ஒதுங்கியபிறகு ஒரு வீட்டில் கூடி, பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, கதை சொல்லி, கும்பிட்டு, விடியுமுன்னே தின்று தீர்த்து, தடயம் இல்லாமல் கழுவிவிடுவார்கள். ஆண் என்று பெயர் உள்ள எதுவும், தொட்டில் பிள்ளை உட்பட, அதைப் பார்க்கக்கூடாது, தின்னக்கூடாது. பார்த்தால் கண் போய்விடும் என்று ஒரு பேச்சு. யாருக்காவது போயிற்றா என்று கேட்டால், பார்த்தவன் யாராவது இருந்தால் அல்லவா தெரியும் என்பார்கள்.

பின்கட்டு பெரியது என்பதால் நோன்பு எப்போதும் அன்னக்கிளி வீட்டில்தான். அன்று ராத்திரி முருகதாஸ் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுயம்புராஜ் வீட்டுக்குப் போய்விடுவார். சுபிதா இங்கே வந்துவிடுவாள். "மூடநம்பிக்கைதான்," என்று போகும்போது தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். "பெண்களுக்க உணர்வை மதிக்கணும், அதுக்காகப் போறேன்."

முதல் ஆடிச் செவ்வாய்க்கு மறுநாள் காலை, தலையணையோடு திரும்பி வந்தவர் நேரே வனத்துக்குப் போனார். அங்கே நின்றவர் நின்றபடியே நின்றார். காட்டு மஞ்சள் புதரின் தெற்குப் பக்கத்தைச் சலூனில் உட்காரவைத்து வழித்ததுபோல இருந்தது. நல்ல அகல இலைகளாகப் பார்த்துப் போயிருந்தன.

"முள்ளம்பன்றியா இருக்குமோ?" என்றாள், கொட்டாவி விட்டபடி பின்னால் வந்த அன்னக்கிளி.

முருகதாஸ் குனிந்து தண்டைப் பார்த்தார். "முள்ளம்பன்றி கத்தி வச்சா அறுக்கும்? நேர்கோட்டு வெட்டு. இது மனுசன் வேலை."

"அப்பிடியா?" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக அடுப்படிக்குப் போனாள்.

இலை போனால் யாருக்கு லாபம்? பெரணிக்கு. பெரணி யாருடையது? சுயம்புராஜுடையது. நிரூபணம் அவ்வளவுதான். அன்று மத்தியானம் பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் செய்தி வந்தது: 'ஒரு மூத்த தாவரத்தின் மீது நடத்தப்பட்ட கோழைத்தனமான தாக்குதல் இது. பெரணிகளை மட்டுமே நேசிக்கத் தெரிந்த சில உள்ளங்களுக்கு வனம் புரியாது.'

உடனே சுயம்புராஜ் போனில் கூப்பிட்டார். "ஏலே முருகா, பெரணிய நேசிக்க உள்ளம் ஆருடே?"

"நான் பேரு சொல்லலியே."

"பேரவையில பெரணி வளக்கது நான் ஒருத்தன்தானே! அதுவும் நேத்து ராத்திரி நீ எனக்க வீட்லதான கெடந்த? எனக்க பக்கத்துக் கட்டில்ல? எனக்க போர்வைய இழுத்துப் போட்டுக்கிட்டு?"

"நடுவுல எந்திரிச்சிப் போயிருக்கலாம்லா?"

"நீ விட்ட கொறட்டையில நான் உறங்கவே இல்ல. எந்திரிச்சி எங்க போக?"

"உறங்கலன்னு நீயே ஒத்துக்கிட்ட பாத்தியா?" என்றார் முருகதாஸ்.

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்களுக்குள் சண்டை வருவது உண்டு. போனை வைக்கிற சண்டை இதுதான் முதல்.

முருகதாஸ் அசரவில்லை. நாகர்கோவில் போய் ஒரு கேமரா வாங்கி வந்தார். இருட்டிலும் தெரியும், பேசினால் கேட்கும், அசைந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் என்று கடைக்காரர் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அன்னக்கிளி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, பலாமரத்துக் கவட்டையில் மஞ்சளைப் பார்க்க அதை வைத்து, முன்னால் இரண்டு இலையைச் செருகி மறைத்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை என்பதையும் அந்தக் கேமராவையும், அவ்வளவு பெரிய துப்பறியும் வேலையில் இருந்தவர் சேர்த்து யோசிக்கவில்லை.

செவ்வாய் ராத்திரி இந்த முறை தலையணை சுயம்புராஜ் வீட்டுக்குப் போக முடியாதே. பூதப்பாண்டியில் ஒரு சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிற்று. புதன் விடியற்காலையில் கண் விழித்ததும் போனைப் பார்த்தார். 'அசைவு கண்டறியப்பட்டது.' கீழே, தட்டினால் ஓடத் தயாராக ஒரு கறுப்புக் கட்டம்.

படத்தைப் பார்க்கிறதுவரைகூட அவருக்குப் பொறுமை இல்லை. குழுவில் எழுதினார்: 'திருடன் சிக்கிவிட்டான்! ஆதாரம் என் கையில்!' எழுதியதும் ஏழரை மணி பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். திருடனை வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை.

அன்னக்கிளி காப்பி கொண்டுவந்து வைத்தாள். கண் இரண்டும் உறக்கமில்லாமல் சிவந்திருந்தது. டம்ளரை வைத்த கையிலிருந்து ஒரு மணம் வந்தது. கற்பூரமும் மஞ்சளும் கலந்த மணம். சாதாரண மஞ்சளுக்கு அது கிடையாது. தினமும் காலையில் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்க்கிற முருகதாஸுக்கு அந்த மணம் யாருடையது என்று தெரியாமல் இருக்குமா?

போன் பக்கம் போன விரல் அந்தரத்தில் நின்றது.

செவ்வாய். நோன்பு. பின்கட்டு. கேமரா.

"காப்பி ஆறிப்போவும்," என்றாள் அன்னக்கிளி.

முருகதாஸ் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பிறகு அதன் மேல் செய்தித்தாளை வைத்தார். கண்ணின் விழித்திரையில் ஒளி எப்படி விழுகிறது, பிம்பம் எப்படித் தலைகீழாக உருவாகிறது என்று ஆயிரம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவர் அவர். ஒரு கொழுக்கட்டையைப் பார்ப்பதால் கண் போகாது என்று அவருக்கு நூற்றுக்கு நூறு தெரியும். இருந்தாலும் கண் இரண்டுதானே இருக்கிறது என்று அதே நேரத்தில் தோன்றியது.

குழுவில் போட்ட செய்தியை அழிக்கப் போனார். அதற்குள் மற்ற ஆறு பேரும் பார்த்திருந்தார்கள். சுயம்புராஜின் பதில் வந்திருந்தது: 'ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலயும் போட்டுக் காட்டு. நான்னா தெருவில் தலைகுனிந்து போறேன். நான் இல்லன்னா நீ தலைவர் இல்ல, எனக்குக் கூட்டுக்காரனும் இல்ல.'

படத்தைக் காட்டினால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் நோன்பையும் அம்பலத்தில் ஏற்றியவர் ஆவார். அன்னக்கிளி முகத்தில் பிறகு விழிக்க முடியாது. காட்டாவிட்டால் பொய்யர், தலைவர் பதவி போகும். ஒரே பெஞ்சுக் கூட்டுக்காரனும் போவான். மஞ்சள் இலை களவு போனது இப்போது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் களவு போகாதா என்றிருந்தது.

ஞாயிறு ஒழுங்காக வந்தது. பேரவையினர் சருகின் மேல் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஷரீஃப் பச்சைப் பலகையைக் காரில் கொண்டுவந்திருந்தார், இறக்கவில்லை. சுயம்புராஜ் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை மாட்டி, நிரபராதி உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காட்டு மஞ்சள் இரண்டு பக்கமும் வழிக்கப்பட்டு, நடுவில் மட்டும் கொண்டையோடு நின்றது.

"போடு மக்கா, பாப்போம்," என்றார் சுயம்புராஜ்.

"போன்ல சார்ஜ் கம்மி."

"எனக்க வண்டியில ஒயரு இருக்கு," என்றார் ஷரீஃப்.

"வெளிச்சத்துல திரை தெரியாது. ஒளிச்சிதறல்னு ஒண்ணு இருக்கு..."

"நிழல்வனம்லா? நெழலுலதான இருக்கோம்?" என்றார் சுயம்புராஜ்.

அன்னக்கிளி வடைத் தட்டோடு வந்தாள். பின்னால் சுபிதா டீ டம்ளர்களோடு. "என்ன, சினிமாவா?" என்றாள் அன்னக்கிளி.

"கேமராவுல திருடன் மாட்டியிருக்கானாம் மைனி. நான்தானாம் அது," என்றார் சுயம்புராஜ்.

"கேமராவா? எங்க?"

முருகதாஸ் பலாமரத்தைக் காட்டினார்.

"என்னைக்கு வச்சீங்க?"

"திங்கக்கிழம."

அன்னக்கிளி மரத்தைப் பார்த்தாள். சுபிதாவைப் பார்த்தாள். தட்டை நிதானமாக ஸ்டூலில் வைத்தாள். "பாருங்க," என்றாள். "நல்லா பாருங்க. செவ்வாக்கிழம ராத்திரி உள்ளதுதான? பாத்தப்புறம் கண்ணுக்கு என்ன வந்தாலும் எங்கிட்ட வந்து கேக்கப்பிடாது. வாட்டி சுபிதா."

இருவரும் உள்ளே போனார்கள்.

பேரவைக்கு விஷயம் ஒவ்வொரு நாற்காலியாக விளங்கிக்கொண்டே வந்தது. சுயம்புராஜ் கழுத்துப் பித்தானை மெதுவாகக் கழற்றினார்.

"எனக்க வீட்லயும் புதங்கிழம ஒரு மஞ்ச வாசம் வந்துது மக்கா," என்றார் தாழ்ந்த குரலில். "சோப்பு மாத்திட்டான்னு நெனச்சேன்."

"இதெல்லாம் மூடநம்பிக்கைதான்," என்றார் முருகதாஸ்.

"கண்டிப்பா. அப்பம் நீ பாத்துச் சொல்லு."

"நான் கண்ணாடி எடுத்துட்டு வரல."

"மூக்குல இருக்கே?"

"இது தூரப்பார்வைக்கு உள்ளது."

எல்லோரும் ஒரே நேரத்தில் ஷரீஃபைப் பார்த்தார்கள். ஷரீஃப் கடித்த வடையை வாயிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"பாய், ஒங்களுக்கு இது பாதிக்காதுல்லா? வேற மதம்," என்றார் சுயம்புராஜ்.

"நமக்கு அதுல நம்பிக்கை கெடையாது," என்றார் ஷரீஃப். "பாக்கதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அடுத்த மாசம் எனக்குக் கண்புரை ஆபரேசன். டாக்டரு வேற எந்தச் சோலியும் வச்சிக்கிடாதீங்கன்னு சொல்லியிருக்காரு. அதுவுமில்லாம பெண்ணுங்க கூடியிருக்க எடத்த எட்டிப் பாத்தேன்னு எனக்க வீட்டுக்காரி ஹமீதாவுக்குத் தெரிஞ்சா, மத்த கண்ணையும் அவளே எடுத்துருவா."

கடைசியில், படத்தை யாரும் பார்க்காமல் அழித்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. அதற்கும் அந்தக் கறுப்புக் கட்டத்தைத் திறக்கவேண்டுமே. முருகதாஸ் போனைக் கை நீளத்துக்கு நீட்டி, முகத்தைப் புன்னைமரத்தின் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, குப்பைத்தொட்டிப் படம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார்.

போன் பேசத் தொடங்கியது.

"மைனி, இதாக்கும் அந்த மஞ்சளு? இதுக்கா இங்கிலீசுல பலகை?" அது சுபிதாவின் குரல்.

"இங்கிலீசு இல்லட்டி, லத்தீனு," என்றது அன்னக்கிளியின் குரல். "அதுக்குப் பொறத்தால நின்னு போட்டோ எடுக்கச்ச வயித்த உள்ள இழுத்துக்கிடுவாரு."

பல பெண்கள் சிரித்தார்கள்.

பேரவையினர் ஏழு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நிறுத்தவேண்டுமென்றால் திரையைப் பார்க்கவேண்டும். பார்க்க ஆள் இல்லை. எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அடுத்து தன் பெயர் வருகிறதா என்று தெரியாமல் எழுந்து போக ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"மறுபடியும் அறுத்தா கேக்கமாட்டாரா மைனி?"

"வேற என்ன செய்ய? வைக்கோலு விரிச்சில்லா எப்பமும் அவிப்போம்? இப்பம் மெசினு அறுப்புல வைக்கோலு அம்பிடும் தூளு. போன வாரம் இந்த எலைய அடியில விரிச்சிப் பாத்தம்லா, என்ன மணம்!"

"எங்க வீட்டு ஆளு மட்டும் லேசா? பெரணிக்குத் தண்ணி ஊத்துகது நானு, பேரவையில பேசுகது அவரு. நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்பம் அம்பிடும் கருகிப்போச்சு. மறுநாளே தோவாளையில போயி புதுசா வாங்கி வச்சாச்சு. கூட்டத்துல என்ன பேசினாரு தெரியுமா? 'வனம் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும்'."

சிரிப்புச் சத்தத்தில் போன் அதிர்ந்தது. சுயம்புராஜ் மூடிய கண்ணை இன்னும் இறுக்கினார்.

"அந்தக் கோட்டாறு பாயிக்கு தேங்காப்பட்டணத்துல காடு இருக்காமே?" என்று ஒரு வயசான குரல் கேட்டது.

"எந்தக் காடு? ஹமீதா அக்கா எங்கிட்ட சொல்லியாச்சு. மொட்டமாடியில நாலு சட்டி. அதுல ரெண்டு கறிவேப்பில."

ஷரீஃப் வாயிலிருந்த வடையை விழுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஏட்டி சுபிதா, வேரோட இழுக்காத!" அன்னக்கிளியின் குரல் திடீரென்று கூர்மையாக வந்தது. "அடியில மூணு வெரக்கட விட்டு அறு. நடுக்குருத்தத் தொடாத. அது போச்சுன்னா அந்த மனுசனுக்குச் சோறு எறங்காது. காலம்பற எந்திரிச்சா அதப் பாத்த பொறவுதான் எனக்க மூஞ்சியப் பாக்காரு."

"ஒங்களுக்குப் பொறாம இல்லியா மைனி?"

"எனக்கு என்னத்துக்குப் பொறாம? காலேசுல நூறு பிள்ளையள் இருந்து இவரு சொல்லுகதக் கேட்டுக்கிட்டு இருந்தது. இப்பம் நின்னு கேக்கதுக்கு அது ஒண்ணுதான இருக்கு. நமக்கு எங்க நேரம்? கெடக்கட்டு, பாவம்."

கத்தி இலையை அறுக்கிற சத்தம். சருகில் கால்கள் நடந்து போகிற சத்தம். பிறகு போன் தானாகவே நின்றது.

பேரவை கண்ணைத் திறந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆளுக்கொரு மரத்தைப் பார்த்தார்கள். முருகதாஸ் மட்டும் காட்டு மஞ்சளைப் பார்த்தார்.

"எனக்கு என்ன தோணுதுன்னா," என்றார் சுயம்புராஜ் கடைசியில், "முள்ளம்பன்றியாத்தான் இருக்கும்."

"முள்ளம்பன்றிதான்," என்றார் ஷரீஃப். "அதுக்குப் பல்லு ரெம்ப நேரா இருக்கும்."

கைதட்டுகிற நாலு பேரும் தலையாட்டினார்கள். பேரவையின் வரலாற்றிலேயே ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான்.

"மக்கா," என்றார் முருகதாஸ், செருப்பு முனையால் சருகைக் கிளறியபடி. "குரூப்புல நான் போட்டது..."

"முள்ளம்பன்றியப் பத்திப் போட்டதுதான? அதுக்கு நான் என்னத்துக்குக் கோவப்படணும்?" என்றார் சுயம்புராஜ். "அடுத்த செவ்வா தலையணைய எடுத்துக்கிட்டு வா. போர்வையும் கொண்டா."

பலகையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. தோவாளைப் பெரணிக்கும் மாட்ட முடியாது, அடுப்பில் அவிந்த மஞ்சளுக்கும் மாட்ட முடியாது. "எனக்க கடையிலயே கெடக்கட்டு," என்றார் ஷரீஃப். "மூட்டை சாயாம அண்டக் குடுக்க நல்லா இருக்கு."

அன்னக்கிளி டம்ளர் எடுக்க வந்தாள். "கள்ளன் தெரிஞ்சானா?"

"ஒண்ணும் தெரியல," என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

"ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டுதே?"

"ரேடியோ," என்றார் முருகதாஸ்.

அவள் ஒவ்வொரு டம்ளராக எடுத்தாள். ஒவ்வொருவர் முகத்தையும் டம்ளரோடு சேர்த்து எடுத்துப்போவதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே பலாமரத்துக் கவட்டையிலிருந்து கேமரா இறங்கி, அட்டைப்பெட்டிக்குள் போயிற்று.

அடுத்த செவ்வாய் வந்தது. பொழுது சாயும் நேரம், தலையணையோடும் இந்த முறை சொந்தப் போர்வையோடும் கிளம்பிய முருகதாஸ், வாசல் வரை போய்த் திரும்பி வனத்துக்கு வந்தார். கத்தியை எடுத்தார். காட்டு மஞ்சளில் மிச்சமிருந்ததில் நல்ல அகல இலையாகப் பத்துப் பதினைந்து அறுத்தார். கிணற்றடியில் கழுவி, ஈரம் உதறி, பின்கட்டு வாசல்படியில் அடுக்கி வைத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் மூடநம்பிக்கை பற்றியும் பேசவில்லை. தான் செய்த காரியத்தின் பெருந்தன்மையை அவரே மெச்சிக்கொண்டார். அன்றிரவு குறட்டை விடாமல் உறங்கினார் என்று சுயம்புராஜ் பின்னால் சாட்சி சொன்னார்.

காலையில் வந்து பார்த்தால் வாசல்படியில் இலை இல்லை. மனசு குளிர்ந்தது. அப்படியே வனத்தைப் பார்த்தார். அங்கேயும் இலை இல்லை. நடுக்குருத்து ஒன்று மட்டும், சுருட்டிய குடைபோல, தனியாக நின்றுகொண்டிருந்தது.

"ஏ அன்னக்கிளி!"

அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் அறுத்து வச்சேனே? பொறவும் எதுக்கு..." என்று தொடங்கியவர், எதைக் கேட்கிறோம் என்று உறைத்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"ஆம்பள கை பட்டது அதுக்கு ஆவாது," என்றாள். "அதுகூடத் தெரியாதா? ஒளியியலு படிச்ச ஆளு."

முருகதாஸ் குனிந்து குருத்தைச் சுற்றிச் சருகை அணைத்து வைத்தார்.

"அது கெடக்கட்டு. அடியில மூணு வெரக்கட விட்டு அறுக்கணும்னு ஒங்களுக்கு ஆரு சொல்லித் தந்தா?"

"அது... ஒரு புஸ்தகத்துல போட்டிருந்தான்."

"என்ன புஸ்தகம்?"

"லத்தீனு."

அன்னக்கிளி சிரித்துவிட்டாள். சிரிப்பை மறைக்க உள்ளே போனவள், திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு இருந்தது. அதில் பச்சை இலையில் மடக்கி அவித்த கொழுக்கட்டைகள், ஆவி பறக்க. முருகதாஸ் இரண்டு அடி பின்னால் போனார். கை தானாகக் கண்ணை மறைக்கப் போயிற்று.

"பயப்படாதீங்க. இது அது இல்ல. இப்பம் காலம்பற அவிச்சது. சர்க்கரையும் தேங்காயும் வச்சது. நீங்க அறுத்து வச்ச எலைய வீணாக்கப்பிடாதேன்னு செஞ்சேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஓர் இலையைப் பிரித்தார். அந்த மணம் முகத்தில் அடித்தது. இத்தனை நாள் கிள்ளி முகர்ந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆயிற்று. ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார். பிறகு இன்னொன்று.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றார். மென்று விழுங்கினார். வேலியோரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஏம்ட்டி, அந்தக் கொழுக்கட்டையும் இதே மாதிரிதான்..."

"வாயில உள்ளத முழுங்குங்க," என்றாள் அன்னக்கிளி.